கல்லில் இல்லாத எட்டாவது ஆள்

முதுகில் கை எட்டாத இடத்தில் எண்ணெய் தேய்த்துவிடச் சொன்னார். நான் மாவு பிசைந்துகொண்டிருந்த கையை முந்தானையில் துடைத்துவிட்டுத் தேய்த்தேன். "அங்கன இல்லட்டி, இங்கன, இன்னும் கொஞ்சம் கீழ" என்றார். கை சரியாகத் துடைபடவில்லை. எண்ணெயோடு மாவும் சேர்ந்து முதுகில் வெள்ளைக் கோடாக விழுந்தது. அருவியில் நின்றால் தானே போய்விடும் என்று நினைத்து அதைச் சொல்லவில்லை. அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டாளி உச்சிமாகாளியோடு ஐந்தருவிக்குக் குளிக்கப் போனார். ஆனி மாதம், நல்ல சாரல். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழாம் வருஷம்.

அவர் திரும்பி வரவில்லை. குற்றாலத்தில் சீசன் கூட்டத்தைப் பார்த்துப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற கூடாரம் ஒன்று போட்டிருந்தார்கள். வாசலில் பேண்டு வாத்தியம் வாசித்தார்களாம். வேடிக்கை பார்க்க நின்ற இரண்டு பேரும் உள்ளே போய்ப் பெயர் கொடுத்துவிட்டார்கள். சாயங்காலமே தென்காசியில் ரயில் ஏற்றிவிட்டார்கள். பலாப்பழம் விற்றுவிட்டு வந்த ஒருத்தி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

ஊர் வழக்கப்படி அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எழுதக்கூடாது என்று யாரும் சொல்லாததால் எழுதுகிறேன்: பலவேசம். எங்கள் ஊர் பாறைப்பட்டி, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே சிற்றாற்றங்கரையில் இருக்கிறது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தவள். அந்தத் தெருவில் எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான்.

பம்பாயிலிருந்து ஒரு கடிதம், பஸ்ராவிலிருந்து ஒரு கடிதம், இரண்டும் யாரோ எழுதிக்கொடுத்தவை, வந்தன. பிறகு ஒன்றும் இல்லை. யுத்தம் முடிந்தது. உச்சிமாகாளி ஒரு காது கேட்காமல் திரும்பி வந்தார். பம்பாயிலேயே இருவரையும் வேறு வேறு கப்பலில் ஏற்றிவிட்டதால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கீழத்தெரு நம்பிராஜன் செத்துப்போனதாகச் சர்க்காரிலிருந்து காகிதம் வந்தது. எங்கள் வீட்டுக்கு இருக்கிறார் என்றும் காகிதம் இல்லை, இல்லை என்றும் காகிதம் இல்லை. நான் பூ வைப்பதா வேண்டாமா என்று தெருவே இரண்டாகப் பிரிந்து பேசியது. என் மாமியார் முப்பிடாதியம்மாள் தினமும் சாயங்காலம் தன் கையாலேயே என் தலையில் பூவை வைத்துவிடுவாள். பேச்சு அதோடு நின்றுவிடும்.

அத்தையின் கோபமெல்லாம் சாஸ்தா மேல்தான். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. அவர் நாம் குடியிருக்கிற ஊரில் இருக்கமாட்டார். எந்த ஊரிலிருந்து முன்னோர்கள் பிழைக்கக் கிளம்பினார்களோ அந்த ஊரில் இருப்பார். பங்குனி உத்திரத்துக்கு எல்லோரும் வண்டி கட்டிக்கொண்டு தங்கள் தங்கள் சாஸ்தாவிடம் போய்விடுவார்கள். எங்கள் சாஸ்தா வாசுதேவநல்லூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் நொச்சிக்குளத்தில் இருந்தார். மகன் போன வருஷத்திலிருந்து அத்தை அங்கே போகவில்லை. "எம்புள்ளைய வீட்ல கொண்டாந்து விட்டுட்டுக் கூப்பிடு. அதுவரைக்கும் ஒன் வாசல மிதிச்சேன்னா ஏன்னு கேளு" என்று மேற்கே பார்த்துச் சத்தம் போடுவாள். உத்திரத்தன்று மற்ற வீடுகளில் வண்டி கட்டும்போது எங்கள் வீட்டில் அவள் வேண்டுமென்றே நெல் அவிப்பாள்.

இப்படியிருக்கும்போதுதான் கல் வந்தது. இருபத்திரண்டில் என்று நினைக்கிறேன். தாலுகா கச்சேரி வண்டியில் வைக்கோல் சுற்றி ஒரு வெள்ளைப் பளிங்குப் பலகை வந்தது. தென்காசிக் கொத்தனார் கிதிர் முகம்மது அதைச் சாவடிச் சுவரில் பதித்தார். ஊர் கூடிவிட்டது. மேலே இங்கிலீஷ், கீழே தமிழ். என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்கள்.

"இந்தக் கிராமத்திலிருந்து மகாயுத்தத்திற்குச் சென்றவர்கள் 7. இவர்களில் உயிரை அளித்தவர்கள் 1."

"பேரு?" என்று கேட்டாள் நம்பிராஜன் பெண்சாதி.

"பேரு போடல."

"பொறவு எதுக்கு இந்தக் கல்லு?" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

மற்றவர்கள் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார்கள். எண்ணினால் எட்டு வந்தது. கீழத்தெருவிலிருந்து எண்ணினாலும் எட்டு, மேலத்தெருவிலிருந்து எண்ணினாலும் எட்டு. திரும்பி வந்த ஆறு பேரும் அங்கேதான் நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏலே, என்னையத்தான் விட்டுட்டானோ? காது போனவன் கணக்குல சேரமாட்டான்னு நெனச்சிருப்பானோ?" என்றார் உச்சிமாகாளி.

"ஒமக்குக் காதுதான் போச்சு. நான் பஸ்ராவுல சோறுதானே பொங்குனேன். சோறு பொங்குனவன யுத்தத்துக்குப் போனவன்னு எழுதுவானா?" என்றார் இன்னொருவர்.

கிதிர் முகம்மது கரணையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "யோவ், சுண்ணாம்பு காயுததுக்குள்ள முடிவு பண்ணுங்க. காஞ்சிட்டுன்னா பொறவு ஆளக் குறைக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது."

கூட்டம் சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்தாள். உள்ளே வந்து கதவைச் சாத்தியபின் அவள் முகத்தைப் பார்த்தேன். அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதில் பார்த்ததில்லை.

"ஏட்டி, கேட்டியா? செத்தது ஒண்ணு. அது நம்பிராசன். போனது ஏழு. இவன் அதுல இல்ல. சர்க்காரே சொல்லுது, அவன் போகவே இல்லன்னு. போகாதவன் எப்படிட்டி சாவான்? எங்கயோ இங்கனதான் இருக்கான்."

"அப்ப பஸ்ராவுலேருந்து காயிதம் வந்துச்சே அத்த?"

"காயிதத்த யாரும் எழுதலாம். இது கல்லு."

எனக்கு அவள் நியாயம் ஒப்பவில்லை. ஆனால் அந்த ஏழு என்னைத் தூங்கவிடாமல் குடைந்தது. ஆற்றில் துவைத்துவிட்டு வரும்போது நம் மூட்டையில் ஒரு துணி குறைந்தால் அது காணாமல் போய்விட்டதாக நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை. பக்கத்துக் கல்லில் துவைத்தவள் மூட்டையில் ஒன்று கூடியிருக்கும். போய்க் கேட்டால் கிடைத்துவிடும். அதுபோல எங்கள் ஊர்க் கல்லில் ஒருவர் குறைந்தால் வேறு எந்த ஊர்க் கல்லிலோ ஒருவர் கூடியிருக்க வேண்டும். அந்தக் கல்லைக் கண்டுபிடித்தால் அதில் அவர் போனவர்களில் மட்டும் இருக்கிறாரா, செத்தவர்களிலும் இருக்கிறாரா என்பது தெரிந்துவிடும். நான் யார் என்பதும் தெரிந்துவிடும்.

கிராம முன்சீப் தாலுகாவுக்கு எழுதிக் கேட்டார். கல்லில் உள்ளது ரிக்கார்டுப்படி சரி என்று ஒரு வரி பதில் வந்தது. எனவே நானே தேடக் கிளம்பினேன். எந்தெந்த ஊரில் கல் பதித்தீர்கள் என்று கிதிர் முகம்மதிடம் கேட்டேன். அவருக்குத் தெரிந்த ஊர்களைச் சொன்னார். "ஆனா தங்கச்சி, நான் பதிச்சதுதான் எனக்குத் தெரியும். வடக்க வேற ஆளு பதிச்சான். அவன் பதிச்ச கல்லு இந்நேரம் விழுந்திருக்கும்" என்றார்.

என் நோக்கம் ஒன்று, அத்தையின் நோக்கம் வேறு. எந்த ஊர்க் கல்லிலும் மகன் இல்லை என்று ஆகிவிட்டால் அவன் உயிரோடு இருப்பது உறுதி என்பது அவள் எண்ணம். ஆகவே என்னைவிட அவள்தான் வேகமாகக் கிளம்பினாள். மிளகாய் விற்கச் சுரண்டைச் சந்தைக்குப் போனாலும், இலஞ்சியில் கல்யாணத்துக்குப் போனாலும் இறங்கியதும் முதல் கேள்வி, "இங்கன யுத்தக் கல்லு எங்க இருக்கு?"

கல்லைப் படிப்பது சுலபம். அதன் பிறகுதான் வேலை. கல்லில் எண்தான் இருக்கும், ஊர்க்காரர்களை எண்ண வைக்க வேண்டும். சுரண்டைக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் கல்லில் ஒன்பது. நாங்கள் கேட்டதும் ஜவுளிக்கடை வாசலில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். எட்டுதான் வந்தது. அரை நாள் சண்டைக்குப் பிறகு ஒரு கிழவர் வந்து, "ஏலே, செல்லையா மகன மறந்துட்டியளா?" என்றார். "அவன் கொழும்புக்குல்லா போனான்" என்றார்கள். "கொழும்புக்குப் போறேன்னு சொல்லிட்டுப் பட்டாளத்துக்குப் போனான். பொண்ணு வீட்டுக்காரன் ஏசுவான்னு கொழும்புன்னு சொல்லி வச்சோம்" என்று அவன் மாமனே ஒப்புக்கொண்டார். ஒன்பது சரியாகிவிட்டது. அத்தை வெற்றி பெற்றவள் போல வண்டியில் ஏறினாள். "இங்கயும் இல்ல. எழுதிக்கோ" என்றாள். எழுதிக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை. தலையை ஆட்டினேன்.

இப்படி அலைந்ததில் வேறு கல்லெல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தன. அதுவரை அவை வெறும் கல். எத்தனையோ தடவை சுமையை இறக்கி வைத்திருக்கிற சுமைதாங்கிக் கல்லில் எழுத்து இருப்பதையே சுரண்டை ரோட்டில்தான் முதலில் பார்த்தேன். பிள்ளை வயிற்றோடு செத்துப்போன ஒருத்திக்காக அவள் அப்பன் வைத்தது. அவள் இறக்க முடியாமல் போன சுமையை வருகிறவர்களாவது இறக்கி வைக்கட்டும் என்று வைப்பார்கள். அப்பன் பெயர் நன்றாகத் தெரிந்தது. அவள் பெயர் இருந்த இடம் கூடைகள் உரசி உரசி வழவழப்பாகிவிட்டது. விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன், கடைசியில் "த்தாய்" மட்டும் கிடைத்தது. தென்காசிக் கோயில் நடையில், மிதிபடும் இடத்தில், கும்பிட்டுக் குப்புறக் கிடக்கிற மாதிரி ஒரு ஆளைச் செதுக்கித் தலைமாட்டில் பெயர் வெட்டியிருந்தது. வருகிறவர்கள் கால் தன்மேல் படட்டும் என்று அவரே செய்து வைத்ததாம். "பாவி, இது தெரியாம நாப்பது வருசமா சுத்திப் போயிருக்கேன்" என்று அத்தை அன்றைக்கு வேண்டுமென்றே இரண்டு தடவை மிதித்தாள்.

மறு வருஷம் சாரலுக்கு உச்சிமாகாளி எங்களைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனார். அங்கே யுத்தக் கல் இல்லை. அந்தக் கூடாரம் இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் கேட்டிருந்தேன். போகிற வழியில் வெள்ளைக்காரர் கல்லறைகள் இருந்தன. கேட்டைத் திறந்து வைத்துக் காவல்காரர் ஒருவர் பீடி குடித்துக்கொண்டிருந்தார். கல் என்றால் இப்போது அத்தைக்குக் கால் நிற்காது. உள்ளே போய்விட்டாள்.

ஒரு சின்னக் கல்லறை, அதன் மேல் கல் நிறைய எழுத்து. எல்லாம் இங்கிலீஷ். எனக்கு எண் மட்டும் தெரிந்தது.

"இது யாரு ஐயா? பெரிய துரையா?" என்று அத்தை காவல்காரரைக் கேட்டாள்.

"மூணு வயசுப் புள்ள. காய்ச்சல்ல செத்தது. எங்க தாத்தா காலம்."

"மூணு வயசுல அது என்ன செஞ்சிச்சுன்னு இம்புட்டு எழுதியிருக்கான்?"

"அது என்ன செய்யும்? பெத்தவன் எழுதியிருக்கான்."

அத்தை குனிந்து கல்லைச் சுற்றி முளைத்திருந்த புல்லைப் பிடுங்க ஆரம்பித்தாள். காவல்காரருக்கு அது பிடித்துவிட்டது. "ஆச்சிக்குச் சொந்த ஊரு எது?" என்று கேட்டார்.

"நொச்சிக்குளம். வாசுதேவநல்லூருக்கு மேக்க" என்றாள் அத்தை.

உச்சிமாகாளி சிரித்துவிட்டார். "பெரியம்ம, கல்யாணம் ஆனதுலேருந்து பாறைப்பட்டியில கெடக்கிய. நொச்சிக்குளத்துல ஒருநாளு தூங்கியிருப்பியளா? சாத்தாட்டச் சண்ட போட்டுட்டு இப்ப அவரு ஊர வேற சொல்லுதிய!"

"தூங்குனாத்தான் ஊரா? சாத்தா இருக்குத ஊருதாம்லே சொந்த ஊரு. சண்ட போட்டா ஊரு மாறிப் போயிருமா?"

நான் உச்சிமாகாளி பக்கம் திரும்பினேன். "அண்ணாச்சி, கூடாரத்துல ஒங்கள என்ன கேட்டாவ?" என்றேன்.

"பேரு கேட்டாவ. தகப்பன் பேரு கேட்டாவ. சொந்த ஊரு எதுன்னு கேட்டாவ."

"நீங்க?"

"நாங்க பாறைப்பட்டிதானே தங்கச்சி. எங்க சாத்தாவும் ஆத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்காரு."

"அவுக என்ன சொன்னாவ?"

"எனக்குப் பொறத்தால நின்னான். நெஞ்சு அளக்க என்னைய உள்ள கூட்டிட்டுப் போயிட்டாவ. நான் கேக்கலயே" என்றவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரயில்ல ஏறும்போது மட்டும் சொன்னான். கடல் தாண்டிப் போறோம், சாத்தாட்ட ஒரு வார்த்த சொல்லாம வந்துட்டேன்னு" என்றார்.

அத்தை கையில் இருந்த புல்லைக் கீழே போட்டாள். கூடாரம் இருந்த இடத்தைப் பார்க்காமலேயே திரும்பினோம்.

அதன் பிறகு வீட்டில் கல் பேச்சே நின்றுவிட்டது. நான் எடுத்தால், "நெல்லு காயுது, கெளறிவிடு" என்பாள். சொந்த ஊர் என்று அவரும் நொச்சிக்குளத்தைத்தான் சொல்லியிருப்பார் என்று எனக்குப் பட்டது. அந்தப் பக்கம் போகிற யாரையாவது விட்டு விசாரித்துவிடலாம்தான். ஆனால் கல்லை நான் படித்தாக வேண்டும் என்று எனக்கு இருந்தது. பங்குனி பிறந்ததும் சொன்னேன்: "அத்த, உத்திரத்துக்கு நான் நொச்சிக்குளம் போய்ட்டு வாரேன்."

"போ. நான் வரமாட்டேன்."

உத்திரத்துக்கு முந்தின நாள் விடியற்காலையில் உச்சிமாகாளி வண்டி பூட்டிக்கொண்டு வந்தார். நான் வெளியே வந்து பார்த்தால் அத்தை மடியில் ஒரு மூட்டையோடு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். "எல்லைக்கு இங்கிட்டே எறங்கிருவேன். ஒத்தையில ஒன்ன அனுப்பிட்டு இங்க யாரு கெடக்க?" என்றாள்.

கடையநல்லூர், புளியங்குடி என்று வழியெல்லாம் சாஸ்தா வண்டிகள். மறுநாள் உச்சிப்பொழுதுக்குச் சற்று முன் நொச்சிக்குளம் எல்லைக்கு வந்தோம். சொன்னபடியே அத்தை நாவல் மரத்தடியில் இறங்கிக்கொண்டாள். நான் மட்டும் உள்ளே நடந்தேன்.

கல்லைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. கோயிலுக்கு வெளியே சாவடிச் சுவரில் இருந்தது. ஆனால் நான் பார்த்த மற்றக் கற்களைப் போல இல்லை. எண்ணெய் ஊற்றி, மஞ்சள் பூசி, சந்தனம் அப்பி, அரளி மாலை போட்டிருந்தார்கள். சர்க்கார் கொடுத்த பளிங்கு கறுத்துப்போய் ஒரு பீடம் போல இருந்தது. எழுத்தே தெரியவில்லை. முந்தானையால் துடைத்தேன்.

"ஏத்தா, சாமியப் போட்டு என்ன தொடைக்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. வல்லிநாயகம் என்று அந்த ஊர்ப் பெரியவர், கையில் வாழை இலைக்கட்டோடு நின்றார்.

"படிக்கணும் அண்ணாச்சி."

"படிப்பியா நீ? அப்ப படி. நாங்க படிச்சு நாளாச்சு."

சென்றவர்கள் 5. உயிரை அளித்தவர்கள் 3.

"இந்த ஊர்லேருந்து போனது எத்தன பேரு?" என்று கேட்டேன். எத்தனையோ ஊரில் கேட்ட கேள்விதான்.

"போனது நாலு. செத்தது ரெண்டு" என்று உடனே சொன்னார். "ஒண்ணு கூடயிருக்கேன்னு கேப்ப. அது எங்க ஊரு செஞ்ச பாவம். யுத்தம் நடக்கும்போதே ஒரு காயிதம் வந்துச்சு, நொச்சிக்குளத்து ஆளு செத்துட்டான்னு. பேரு போட்டிருந்துச்சு, இப்ப மறந்துட்டு. தகப்பன் பேரு மாடன். இந்த ஊர்ல கல்லெடுத்து எறிஞ்சா ஒரு மாடன் மேல விழும். எல்லா மாடனையும் கேட்டாச்சு. ஒருத்தன் மவனும் பட்டாளத்துக்குப் போகல. அப்ப இருந்த முன்சீப், அப்படி ஆளே இல்லன்னு எழுதித் திருப்பி அனுப்பிட்டாரு. அவரும் போய்ச் சேந்துட்டாரு. பொறவு கல்லு வந்து பாத்தா மூணுன்னு இருக்கு."

என் மாமனார் பெயர் மாடன். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெயரையும் நான் சொல்லக்கூடாது.

"உசுரு போற நேரத்துல ஒருத்தன் நம்ம ஊரச் சொல்லியிருக்கான். நாம ஆளே இல்லன்னுட்டோம். மனசு கேக்குமா? அதான் மூணு எலை போடுதோம்" என்று சொல்லிக்கொண்டே குனிந்து கல்லுக்கு முன்னால் இலைகளை விரித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. பெண்கள் வந்து பரிமாறினார்கள். சோறு, பருப்பு, தடியங்காய்க் கூட்டு, அப்பளம், பாயசம். மூன்று இலைக்கும் ஒரே மாதிரி வைத்தார்கள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்றாவது இலையில் வைக்கும்போது ஒருத்தி அப்பளம் நொறுங்கிப்போனதைக் கண்டு வேறு முழு அப்பளம் எடுத்து வைத்தாள்.

"நீ யாரு வீட்டுப் புள்ள?" என்றார் வல்லிநாயகம்.

"அத்த எல்லையில இருக்காவ. கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

நாவல் மரத்தடியில் அத்தை நான் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போனதும் கேட்டாள்:

"கல்லுல?"

"போனவுக அஞ்சு. செத்தவுக மூணு."

"ஊருல?"

பொய் சொல்லலாம். நாலு, மூணு என்று ஒரு சொல்லை மாற்றினால் போதும், அவர் போனவர்களில் மட்டும் கூடியவர் ஆகிவிடுவார். அவள் வீட்டுக்குப் போய் எனக்குப் பூ வைத்துவிடுவாள். ஆனால் அத்தனை ஊரிலும் நான் படித்ததை அவள் நம்பினாள். "போனது நாலு. செத்தது ரெண்டு" என்றேன். மற்றதையும் சொன்னேன், காகிதம், மாமா பெயர், மூன்றாவது இலை.

இந்தக் கணக்கு அவளுக்குப் பழகிப்போன கணக்கு. விரல் மடக்க வேண்டியிருக்கவில்லை. கோயில் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு, "என்ட்ட இத்தன ஏச்சும் வாங்கிக்கிட்டு, வாயத் தொறக்காம, இங்கன அவனுக்குச் சோறு போட்டுக்கிட்டு இருந்திருக்கான் பாத்தியா" என்றாள். சாஸ்தாவைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியக் கொஞ்சம் ஆயிற்று.

எழுந்தாள். எல்லைக் கல்லைத் தாண்டினாள். நான் பின்னால் போனேன்.

படையலுக்குச் சூடம் கொளுத்தப் போகிற நேரம். அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே போய் மூன்றாவது இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். இலையிலிருந்த தடியங்காய்க் கூட்டைக் கையால் வழித்து எடுத்தாள்.

"ஏ ஆச்சி! படையல்ல கை வைக்கிய!" என்று வல்லிநாயகம் பதறினார். நாலு பேர் கிட்டே வந்துவிட்டார்கள்.

"அவனுக்கு இது ஆகாது" என்றாள் அத்தை. "சின்னப் புள்ளையிலேருந்தே தொடமாட்டான். வாயில வச்சா வாந்தி எடுப்பான். கல்லு வந்த நாள்லேருந்து இதப் போட்டிருக்கிய."

பரிமாறிய பெண்ணுக்குத்தான் முதலில் விளங்கியது. அவள் ஓடிப்போய்ப் பருப்பு வாளியை எடுத்துவந்து அந்த இடத்தில் இன்னொரு கரண்டி ஊற்றினாள். அத்தை இலையைச் சரிபார்த்துவிட்டு, "நெய்யி கொஞ்சம்" என்றாள். நெய் வந்தது.

சூடம் அணைந்தபிறகு வல்லிநாயகம் அவள் முன்னால் வந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். "ஆத்தா, நாங்க செஞ்சது தப்புதான். பேரச் சொல்லுங்க. அடுத்த வருசம் பேரு சொல்லியே படைக்கோம். கல்லுலயும் வெட்டிருவோம்."

"பேரு எதுக்கு?" என்றாள் அத்தை. "இத்தன நாளும் பேரு கேட்டா சோறு போட்டிய? அப்படியே இருக்கட்டும். பேரு சொன்னா எவம் மகனோ ஆயிருவான். இப்ப ஊருக்கே மகனா இருக்கான்."

திரும்பும்போது வண்டியில் அவள் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "வீட்டுக்குப் போவேண்டாம். நேரா குத்தாலத்துக்கு விடுலே உச்சிமாகாளி. தலைக்கு ஊத்திக்கிட்டுப் போவோம்." பங்குனியில் அருவியில் தண்ணீர் நூலாகத்தான் விழும். அந்த நூலில் இரண்டு பேரும் மாறி மாறித் தலையைக் காட்டினோம். நான் பூ இல்லாமல் வீட்டுக்கு வந்தேன். தெருவில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வந்தவர்களை உச்சிமாகாளி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

அந்த மூன்றாவது ஆள் அவர்தான் என்பதற்குக் கையில் அத்தாட்சி ஒன்றும் எனக்கு இல்லை. ஒரு ஊரில் ஒன்று குறைந்தது, இன்னொரு ஊரில் ஒன்று கூடியது, தகப்பன் பெயர் ஒத்துப்போயிற்று, அவ்வளவுதான். ஆனால் அதற்குமேல் எந்த ஊரிலும் கல்லைத் தேட எனக்குத் தோன்றவில்லை. பழக்கத்தில் எழுத்து வெட்டிய கல் எதைப் பார்த்தாலும் நின்று படித்துவிட்டுப் போவேன். படிக்கிறவள் இருந்தால் அந்தக் கல்லுக்கு நல்லதுதானே என்று நினைத்துக்கொள்வேன்.

அத்தை போய் எட்டு வருஷமாகிறது. இன்னொரு யுத்தமும் வந்து முடிந்துவிட்டது. அதற்கும் எங்கள் பக்கத்திலிருந்து நிறையப் பேர் போனார்கள். இந்தத் தடவை கல் எதுவும் வரவில்லை. வல்லிநாயகமும் இல்லை, அவர் மகன்தான் இலை விரிக்கிறார். பருப்பு வாளியோடு ஓடிவந்த பெண்ணுக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள், அவள் மருமகள்கள் பரிமாறுகிறார்கள். பங்குனி உத்திரத்துக்கு நான் தவறாமல் போகிறேன். இப்போது பஸ் போகிறது. அந்த மருமகள்களுக்கு என்னை யார் என்று தெரியாது. மூன்றாவது இலைக்கு வரும்போது மட்டும் தடியங்காய்க் கூட்டை வைக்காமல் நகர்ந்துவிடுகிறார்கள்.